நவமணி பேசிய இடம்

மகன் செல்லையா காய்ச்சலில் இறந்த நாளிலிருந்து திலகம் தன் நாத்தனார் வடிவம்மாளோடு பேசுவதில்லை.

பையன் பகலெல்லாம் இருந்தது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில். வடிவம்மாள்தான் அங்கே ஆயா. காய்ச்சல் கண்டதும் அங்கேதான். மூளைக் காய்ச்சல், யார் மடியில் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அல்போன்ஸ் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளையை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுக்க நின்றிருக்க, "நீ ஒழுங்கா பாத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்று திலகம் சொன்னது சொன்னதுதான். அவள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வடிவம்மாளும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நவமணி பிறந்தாள். இப்போது இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு இருப்பது ஒரே கொட்டகை. அதனால் திலகம் தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில் குழந்தையை நாத்தனார் கையில் கொடுப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். மாலையில் கூடையை இறக்கிவிட்டு வந்து வாங்கிக்கொள்வாள். அப்போதும் ஒரு வார்த்தை இருக்காது.

கணவன் அர்ஜுனன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். தேயிலை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் திரும்பி வரும்போது பெரும்பாலும் குழந்தை தூங்கியிருக்கும். அக்காளுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் வாயைத் திறப்பதை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

இந்த மௌனத்துக்கு லயமே பழகிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் எல்லாரும் கவனித்தார்கள். நவமணிக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அன்று கிளினிக் நாள்.

பிரிஞ்சாங் டவுன் பக்கமிருந்து வரும் அரசாங்க ஜீப், மஞ்சு விலகுவதற்குள் வந்து டிஸ்பென்சரி வாசலில் நின்றுவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிகள் ஒரு பக்கம், கைக்குழந்தைக்காரிகள் ஒரு பக்கம் என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். வழக்கமாக எடை போடுவார்கள், ஊசி போடுவார்கள், தேவைப்பட்டவர்களுக்குப் பால்மாவு கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடலாம்.

ஆனால் இன்று தராசுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. அதன்மேல் காலி மைலோ டின், பிளாஸ்டிக் குவளை, கரண்டி, துணியில் தைத்த ஒரு பொம்மை.

"என்ன மிஸி, கடை போட்டிருக்கீங்க?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற பாஞ்சாலை.

"கடைதான். காசு வேணாம். புள்ளைய உக்கார வை" என்றாள் நர்ஸ் கத்தரீன்.

கத்தரீன் ரிங்லெட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளை உடுப்புக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சிரிப்பாள், ஆனால் சொன்னதைச் செய்யாமல் நகரவிடமாட்டாள்.

"ஊசி போட வந்தா வெளாடச் சொல்றீங்களே. நேரமாச்சுன்னா கங்காணி ஏசுவாருலா."

"கங்காணிகிட்ட நான் சொல்லிக்கறேன். இத்தன நாளும் எட ஏறுதா, ஊசி போட்டாச்சான்னு மட்டும் பாத்து அனுப்பிட்டு இருந்தோம். ஒடம்பு வளர்றது தராசுல தெரியும். பேச்சும் புத்தியும் வளர்றது தராசுல தெரியுமா? அதையும் சேத்துப் பாக்கணும்னு எங்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. உக்கார வை, உக்கார வை."

பாஞ்சாலையின் மகன் பாயில் உட்கார வைத்ததும் பக்கவாட்டில் சரிந்தான். கத்தரீன் அவனை நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தான். அந்த வயசுக்குத் தானாக உட்கார்ந்திருக்க வேண்டியவன். கத்தரீன் அவன் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தாள். பலகைபோலத் தட்டையாக இருந்தது.

"பகல்ல எங்க இருக்கான்?"

"கொட்டகையிலதான் மிஸி. நல்ல புள்ள. தொட்டில்ல போட்டா போட்ட எடத்துல கெடப்பான்."

கத்தரீன் அவன் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டாள். அடுத்தது திலகத்தின் முறை.

நவமணி பாயில் கால் மடித்து உட்கார்ந்தாள். பொம்மையைப் பார்த்தாள். குவளையை எடுத்து அதன் வாயில் வைத்தாள். பிறகு, குடித்து முடித்ததுபோல, பொம்மையின் வாயைத் தன் கவுன் நுனியால் துடைத்துவிட்டாள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கத்தரீன் எழுந்து குழந்தைக்குப் பின்னால் போய், வலது பக்கம் டின்னுக்குள் கரண்டியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். நவமணி சட்டென்று திரும்பினாள். இடது பக்கம் தட்டினாள். அங்கேயும் திரும்பினாள்.

"காது நல்லா கேக்குது. புத்தியும் நல்லா இருக்கு. வீட்டுல என்னென்ன பேசுது?"

"ஒண்ணும் பேசாது மிஸி. வேணும்னா கைய நீட்டிக் காட்டும்."

"அம்மா?"

திலகம் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நீ அதுகிட்ட என்ன பேசுவ?"

திலகத்தின் முகம் சுருங்கியது. பின்னால் நின்ற பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

"என்ன பேசறது? குளிப்பாட்டுறேன், சோறு ஊட்டுறேன், தூங்க வைக்கறேன். ஒரு கொறையும் வைக்கல."

"கொற வச்சேன்னு நான் சொல்லல. பேசுவியான்னுதான் கேட்டேன்."

திலகத்துக்குச் சொல்வதற்கு இருந்தது, ஆனால் வரிசையில் வைத்துச் சொல்லக்கூடியதல்ல. செல்லையாவிடம் அவள் ஓயாமல் பேசுவாள். அடுப்பை மூட்டும்போது, துணி காயப்போடும்போது, கொழுந்துக் கூடையோடு வீடு திரும்பும்போது, எப்போதும் அவனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அவனும் ஒரு வயதுக்குள் பேசினான். வளைவில் லோரிச் சத்தம் கேட்டால் வாசலுக்குத் தவழ்ந்து போய் "அப்பா" என்பான். லயமே வந்து அவனிடம் பேச்சுக் கேட்டுப் போகும். பேசிப் பேசி வளர்த்த பிள்ளை போய்விட்டது. நவமணியை அவள் கையால் மட்டும் வளர்த்தாள்.

"மத்தியானம் கொட்டகைக்கு வர்றேன்" என்றாள் கத்தரீன். "பகல் பூரா இது இருக்கறது அங்கதானே? அங்க எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் தெரியும். அதுக்கப்புறம்தான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா வேணாமான்னு சொல்லமுடியும். நீயும் வா."

"அந்த ஆயாகிட்ட நான் பேசமாட்டேன் மிஸி."

"நீ பேச வேணாம். வந்து பாரு, போதும்."

ஈப்போ என்ற சொல் திலகத்தை நாள் முழுக்கத் துரத்தியது. செல்லையாவையும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மதிய மணி அடித்ததும் கங்காணி இராமையாவிடம் போய் நின்றாள்.

"மிஸி கூப்பிட்டிருக்காங்க. கொட்டகை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"காலைல கிளினிக்கு, மத்தியானம் கொட்டகையா? நாளைக்கு என்ன, பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்தார் இராமையா. "போ, போ. வந்து அந்த வரிசையப் பறிச்சு முடிச்சிடணும்."

திலகம் குறுக்குப் பாதையில் செடிகளுக்கு நடுவே இறங்கினாள். அந்த வழி கொட்டகையின் பின்பக்கம் போய் முடியும். அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கத்தரீன் முன்பே வந்து நின்றிருந்தாள். விரலை உதட்டில் வைத்து, நில் என்று சைகை செய்தாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன?"

"கோசு."

"கோசு. இது?"

"கத்தி."

"தொடலாமா?"

"தொடாத. வெட்டும்."

ஒன்று வடிவம்மாளின் குரல். மற்றது ஒரு குழந்தையின் குரல். தெளிவான, சற்றுக் கட்டையான குரல். யார் வீட்டுப் பிள்ளை என்று திலகம் யோசித்தாள். பேசுகிற வயதில் கொட்டகையில் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கருப்பையா மகளா? அவள் நாலாவது வீட்டு அத்தையோடு கோலா தெர்லாவுக்குப் போயிருக்கிறாளே.

"அம்மா, நாயி. அம்மா, நாயி பாரு."

"ஆமாண்டி தங்கம், நாயிதான். குளுருல படுத்திருக்கு."

திலகம் சுவர் மூலையைத் திரும்பினாள்.

பின்வாசல் படியில் வடிவம்மாள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலில் சாய்ந்தபடி, கையில் ஒரு கோஸ் இலையோடு நின்றது நவமணி.

தன் மகளின் குரலைத் திலகம் அதற்கு முன் கேட்டதில்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

குழந்தை அவளைப் பார்த்தது. பேச்சு நின்றுவிட்டது. வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டியது.

வடிவம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு திலகம் அவளிடம் வாய் திறந்தாள்.

"யாரு அம்மா?"

வடிவம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "நான் சொல்லிக் குடுக்கல திலகம். சாமி சத்தியமா சொல்லிக் குடுக்கல. இங்க எல்லாப் புள்ளையும் ஆயாம்மான்னுதான் கூப்பிடும். இவ வாயில அதுல முன்னாடி பாதி வரல. பின்னாடி பாதிதான் வந்துச்சு."

"நீங்க திருத்தலையா?"

"நான் திருத்தல." வடிவம்மாள் தரையைப் பார்த்தாள். "திருத்தியிருக்கணும். எனக்கும் ஒண்ணு பொறந்து தங்கல. கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"புள்ள பேசுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஊரே ஊமன்னு பேசுது. மிஸி ஈப்போவுக்கு அனுப்பணுமான்னு கேக்கறாங்க. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு!"

"எப்பச் சொல்றது? கைல குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போற. ஒம் முதுகுகிட்டயா சொல்றது?"

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் உதடு அழுகைக்குப் பிதுங்கியது. திலகம் அதை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியதில்ல" என்றாள் கத்தரீன், நடுவில் வந்து. "இந்த வயசுக்கு இவ நல்லாவே பேசறா. பேசற எடத்துல பேசறா, அவ்வளவுதான். திலகம், நீ இவளுக்கு இனிமே ஒண்ணு செய்யணும். குளிப்பாட்டும்போது தண்ணி ஊத்தறேன்னு சொல்லு. சோறு ஊட்டும்போது என்ன ஊட்டறேன்னு சொல்லு. செய்யறத வாயால சொல்லிக்கிட்டே செய்யி. கதை, பாட்டு எதுவும் வேணாம்."

சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. மூலையில் நாலைந்து பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை.

கத்தரீன் ஒரு தொட்டிலை விலக்கினாள். பாஞ்சாலையின் மகன் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவள் முகம் தெரிந்ததும் அவன் இமைகள் ஒருமுறை அடித்துக்கொண்டன. கையை ஆட்டவில்லை.

"வடிவக்கா, இவன்கிட்ட இன்னிக்கு யாரு பேசினா?"

வடிவம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"நான் ஒருத்தி மிஸி. கஞ்சி காய்ச்சணும், துணி அலசணும், அழுவுறத ஆட்டணும். ஒண்ண எடுத்தா இன்னொண்ணு கத்துது. எல்லார்கிட்டயும் எப்படிப் பேசறது?"

"நவமணிகிட்ட பேசறீங்களே."

"அது எந்தம்பி புள்ள." குரல் உடைந்தது. "இன்னொண்ணும் போயிடக் கூடாதுன்னு பயம். காலைல வாங்கினா எறக்கி வைக்கமாட்டேன். சாயந்தரம் குடுக்கற வரைக்கும் மூச்சு விடுதா, கண்ணு முழிச்சிருக்கான்னு பேசிப் பேசிப் பாப்பேன். வேற எப்படி எனக்குத் தெரியும்?"

திலகம் அதைக் கேட்டாள். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஒங்களக் குத்தம் சொல்ல வரல அக்கா" என்றாள் கத்தரீன். "ஆனா இவன் இப்படியே கெடந்தா நாளைக்கு நடக்கறதும் லேட்டாகும், பேச்சும் லேட்டாகும். ஒரு ஆளால இது முடியாது, உண்மதான். அதனால ரெண்டு காரியம். இன்னொரு ஆயா வேணும்னு மேனேஜர்கிட்ட இன்னிக்கே போய்க் கேக்கப் போறேன். அடுத்த கிளினிக்குல பாய டிஸ்பென்சரில விரிக்க மாட்டேன், இங்கதான் விரிப்பேன். தராசும் ஊசியும் இங்கயே வரும். தாய்மாருங்களும் இங்கயே வரட்டும். வந்து ஒக்காந்து அவங்கவங்க புள்ளயோட பேசட்டும்."

"மேனேஜர் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கலன்னா மறுபடி கேப்பேன்."

அவள் பாஞ்சாலையின் மகனைத் தூக்கி மடியில் உட்கார வைத்தாள். முதுகுக்குத் தன் கையை அணையாகக் கொடுத்தாள். "என்னய்யா பாக்கற? மேல என்ன இருக்கு? தகரமா? தகரம்தான் இருக்கு" என்றாள். பையன் அவள் வாயையே பார்த்தான்.

திலகம் குழந்தையை மறுபடி வடிவம்மாளிடம் கொடுக்கவேண்டியிருந்தது. பறிக்கவேண்டிய வரிசை பாக்கி இருந்தது, கங்காணி காத்திருப்பார். அவள் நீட்டினாள். வடிவம்மாள் வாங்கிக்கொண்டாள். இருவர் கையும் குழந்தையின் முதுகில் ஒருகணம் பட்டு விலகின.

திலகம் குறுக்குப் பாதையில் ஏறினாள். இன்று அவளால் திரும்பிப் பார்க்காமல் போக முடியவில்லை. வடிவம்மாள் படியிலேயே நின்றிருந்தாள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. திலகம் வெந்நீர் வைத்து, நவமணியைக் குளியலறைத் திண்டில் நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மலையில் மற்றப் பெண்களோடு எவ்வளவோ பேசுகிற வாய்தான்.

"தண்ணி" என்றாள் கடைசியில். தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "தண்ணி ஊத்தறேன். சுடுதண்ணி."

நவமணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இது கையி. கைக்கு சோப்பு. இது வயிறு. வயித்துக்கும் சோப்பு."

குழந்தை ஈரக்கையை நீட்டி, அவள் உதட்டைத் தொட்டது. அங்கிருந்துதான் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதுபோல இரண்டு விரலால் அழுத்தியது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அம்மா?" என்று கேட்டது.

திலகத்தின் கையிலிருந்த குவளை நின்றது.

"அது அத்தை" என்றாள். "அத்தை அவங்க வீட்டுல இருக்காங்க. மழை பேயுதுல்ல? நாளைக்குப் பாக்கலாம். அத்தை."

"அத்த" என்றது குழந்தை.

"ஆமா. அத்தை."

சொல்லிவிட்டுத் திலகம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை இல்லை. களைப்புதான். தான் யார் என்று சொல்லிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

முன்வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அர்ஜுனன் அன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"திலகம், எங்க இருக்க? ஒரு நல்ல சேதி. பெர்த்தாம் பள்ளத்தாக்குல ஒரு சீனத் தவுக்கே, பெரிய காய்கறித் தோட்டத்து மொதலாளி. சிங்கப்பூருக்குக் கோசு ஏத்தற லோரிக்கு டிரைவர் கேட்டாரு. வீடும் குடுக்கறாரு. தனி வீடு. நீ மலை ஏற வேணாம், கூடை தூக்க வேணாம், யார் மொகத்துலயும் முழிக்க வேணாம். செல்லையா போனதுலேர்ந்து இந்தத் தோட்டம் வேணாம், வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்தியே. சரின்னு வார்த்த குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழம சாமான் ஏத்த லோரி வருது."

திலகம் குழந்தையைத் துவட்டியபடி வெளியே வந்தாள்.

"என்ன, ஒண்ணும் சொல்லமாட்டேங்கற?"

"பாப்பா பேசுது" என்றாள்.

"என்னது?"

"பேசுது. நல்லா பேசுது. நாய், கத்தி, கோசு, எல்லாம் சொல்லுது."

அர்ஜுனன் அப்படியே நின்றான். "நெசமாவா? அம்மான்னு சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"பாத்தியா! நான் சொல்லலை? ஒன்னப் பாத்துத்தானே மொத மொத..."

"இல்ல. ஒங்க அக்காவ."

அவன் சிரிப்பு அடங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழம லோரி வருது, திலகம்" என்றான் மெல்ல. "தவுக்கேகிட்ட சொல்லியாச்சு."

"பெர்த்தாம்ல ஆயாக் கொட்டகை இருக்கா?"

"அங்க எதுக்கு? நீதானே வீட்டுல இருந்து பாத்துக்கப் போற."

திலகம் குழந்தைக்குக் கம்பளிச் சட்டையை மாட்டி, குல்லாயை இழுத்துவிட்டு, அவன் மடியில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தாள்.

"எங்க போற, இந்த மழையில?"

"வடிவண்ணி வீட்டுக்கு."

"திலகம், மறுபடி சண்ட வேணாம். கேளு..."

"சண்டைக்கு இல்ல. அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது அவங்கள ஒண்ணு சொன்னேன். அத நான் சொல்லியிருக்கக் கூடாது. போறதா, இருக்கறதான்னு வந்து பேசிக்கலாம்."

அவள் குடையை விரித்துப் படி இறங்கினாள். லயத்தின் கடைசியில் வடிவம்மாளின் வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. அதை நோக்கி அவள் நடப்பதைப் பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

அர்ஜுனன் குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தான். நவமணி அவன் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் விழித்திருந்து அவள் தன்னைப் பார்த்ததாக அவனுக்கு நினைவில்லை. என்ன பேசுவதென்று அவனுக்கும் தெரியவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னிக்கு அப்பா லோரியில..." என்று தொடங்கினான். "தாப்பா போற எறக்கத்துல ஒரு கொரங்கு, பாப்பா. இம்மாம் பெரிய கொரங்கு."